கிராம்ப்ளிங் கல்லூரியின் எடி ரொபின்சன்: ஒதுக்கப்பட்டோர் மைதானம் ஒன்றின் கதை

1988ஆம் ஆண்டு பெப்ரவரி மாத ஆரம்பம். சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் களஞ்சியத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், லூசியானா மாநிலத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். லுஹர் தொழுகைக்கு நாங்கள் எழும்பிப் போனால் கடிகாரத்தைப் பார்க்காமல் தன்பாட்டில் வேலை செய்வார். அதனால் எங்களுக்கெல்லாம் அவரில் ஒரு மரியாதை. அந்த வாரம் அவருக்கு ஊரிலிருந்து ஒரு வீடியோ கசட் வந்தது. தேநீருக்கு வரச் சொல்லி எங்கள் மூன்று பேரையும் அறைக்கு அழைத்தார். போனால், டீவியில் இரும்புத் தொப்பி போட்ட மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்காக இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அந்த அமைதியான மனிதர் அழுகிறார்.

"அந்தப் பந்து எறியிற பொடியனப் பாருங்க. அது எங்கட கொலேஜ் பொடியன். எங்கட கோச் வளர்த்தெடுத்த பிள்ளை" என்ற கருத்தில் ஏதோ சொன்னார். கோச்சின் பெயரைக் கேட்டேன். "எடி ரொபின்சன்" என்றார். சொல்லிவிட்டு, அந்தப் பெயரை நான் ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் என்றால் முகம்மது அலி. அவரோடு எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, படிப்பிக்கும் வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்ற பிறகு, அந்தப் பெயரைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது ஒரு விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரின் கதை மட்டுமல்ல என்று பட்டது. ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கென்று ஒரு கல்லூரியைக் கட்டினால் என்ன நடக்கும், அந்த ஒதுக்கல் நீங்கும்போது அந்தக் கல்லூரிக்கு என்ன நடக்கும் என்ற கதை அது.

முதலில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் புட்போல் என்று சொல்வது நமது உதைபந்தாட்டம் அல்ல. றக்பிக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை வடிவப் பந்து, நூறு யார் நீள மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒவ்வொரு ஆட்டத் துண்டும் ஒரு மனிதனின் கையில் பந்து வருவதோடு தொடங்கும். அவன்தான் குவாட்டர்பேக். யாரிடம் கொடுப்பது, எவனை நோக்கி எறிவது, எப்போது எறிவது என்பதெல்லாம் அவன் தலையில். அணியின் மூளை அவன்தான். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

லூசியானா என்பது அமெரிக்காவின் தெற்கு. பருத்தியும் கரும்பும் விளைந்த, அடிமைகளின் வியர்வையில் செழித்த பூமி. அடிமை முறை ஒழிந்த பின்னும் வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்ற பிரிவினைச் சட்டங்கள் அங்கே இறுகின. 1892இல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற சப்பாத்துத் தொழிலாளி வெள்ளையர்க்கான ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிரித்து வைக்கலாம், சமமாக வைத்தால் போதும் என்று 1896இல் தீர்ப்பு வந்தது. பிரித்தார்கள். சமமாக வைக்கவில்லை.

அந்த மாநிலத்தின் வடக்கில் கறுப்பின விவசாயிகள் சிலர் சங்கம் அமைத்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று அலபாமாவின் டஸ்கீஜியில் இருந்த புக்கர் டி. வோஷிங்டனிடம் உதவி கேட்டார்கள். அவர் சார்ள்ஸ் அடம்ஸ் என்பவரை அனுப்பினார். 1901இல் கைத்தொழிலும் விவசாயமும் கற்பிக்கும் ஒரு சிறிய பாடசாலை தொடங்கியது. அதுதான் பிறகு கிராம்ப்ளிங் கல்லூரி ஆனது. அந்த விவசாயிகள் தாங்களே கேட்டு வாங்கிய பாடசாலை. நமது ஊர்ப் பாடசாலைகள் பலவற்றின் தோற்றத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது.

எடி ரொபின்சன் 1919 பெப்ரவரி 13இல் லூசியானாவின் ஜக்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் விளைச்சலில் பங்குக்கு வேலை செய்யும் விவசாயி, தாய் வீட்டு வேலை செய்பவர். சிறு வயதில் குடும்பம் மாநிலத் தலைநகரான பட்டன் ரூஜுக்கு வந்தது. அங்கே பெரிய அரச பல்கலைக்கழகம் இருந்தது, அதற்குப் பெரிய விளையாட்டரங்கும் இருந்தது. இரண்டும் கறுப்புப் பிள்ளைக்கு அடைக்கப்பட்ட வாசல். எனவே அவர் அருகிலிருந்த லெலண்ட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். அங்கே குவாட்டர்பேக்காக விளையாடினார். அங்கு பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ரூபன் டர்னர் என்ற பாதிரியார். பயிற்றுவிப்பாளர்களுக்கான வகுப்பொன்றுக்கு மாணவன் ரொபின்சனை அவர்தான் கூட்டிப் போனார். மற்றவர்கள் விளையாடுவதைப் படிப்பிப்பது ஒரு தொழிலாக இருக்க முடியும் என்பதை ரொபின்சன் அங்கேதான் கண்டுகொண்டார்.

பட்டம் பெற்றும் வேலையில்லை. பட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சதத்துக்கு வேலை செய்தார். 1941இல் டொரிஸ் மொட் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்தார். அதே ஆண்டில் வடக்கே கிராம்ப்ளிங்கில் ஒரு பயிற்றுவிப்பாளர் தேவை என்ற செய்தி வந்தது. அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் ரல்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். 22 வயது இளைஞனை மாதம் 63 டொலர் 75 சதச் சம்பளத்துக்கு எடுத்தார். ஜோன்ஸே ஒரு வினோதமான மனிதர். கல்லூரித் தலைவர் பதவியோடு பேஸ்போல் அணியின் பயிற்றுவிப்பாளர் வேலையையும் தானே பார்த்துக்கொண்டவர்.

ரொபின்சனின் வேலை என்ன? புட்போல் பயிற்றுவிப்பது. கூடைப்பந்தாட்டம் பயிற்றுவிப்பது. மைதானத்துப் புல் வெட்டுவது, சுண்ணாம்பால் கோடு போடுவது, பிள்ளைகளின் கணுக்காலுக்குப் பட்டி கட்டுவது. போட்டி முடிந்ததும் அதைப் பற்றிய செய்தியைத் தானே எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது. வெளியூருக்குப் போகும்போது சாண்ட்விச் கட்டி எடுத்துப் போவது. இந்தக் கடைசி வேலை சிக்கனத்துக்காகச் செய்தது அல்ல. வழியில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் எதுவும் கறுப்பர்களை உள்ளே விடாது. நமது பாடசாலைகளில் பழைய பீ.டீ. மாஸ்டர்மார் புல் வெட்டியதும் வலை பின்னியதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பசித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கதவு திறந்திருக்கும் கடைகளைக் கடந்து போகும் நிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

முதல் ஆண்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு, 1942இல், ஒன்பது போட்டி, ஒன்பது வெற்றி. எதிரணி எதுவும் அந்த ஆண்டு முழுவதும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அத்தோடு யுத்தம் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. 1943இலும் 1944இலும் கல்லூரிக்குப் புட்போல் அணியே இல்லை. ரொபின்சன் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பாடசாலையின் பிள்ளைகளைப் பயிற்றினார். பெண் பிள்ளைகளின் கூடைப்பந்தாட்ட அணியையும் பொறுப்பெடுத்தார்.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலை அணியில் நல்ல விளையாட்டுக்காரர்களான இரண்டு சகோதரர்கள். பருத்தி பறிக்கும் காலம் வந்தது. பருத்தி நிலத்தில் கிடக்க விளையாட்டா என்று தகப்பன் பிள்ளைகளை மறித்துவிட்டார். ரொபின்சன் போய்த் தர்க்கம் பண்ணவில்லை. முழு அணியையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். எல்லோரும் பருத்தி பறித்து முடித்தார்கள். பிறகு சகோதரர்கள் விளையாட வந்தார்கள். ரொபின்சன் யார் என்று என்னிடம் ஒரு நிமிடத்தில் சொல்லக் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பருத்தி முதலாளியின் அநியாயத்தை அவர் அன்று எதிர்க்கவில்லை. அந்த அநியாயத்துக்குள் தன் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு மாலை நேரத்தைப் பிடுங்கி எடுத்தார். இது போதுமா என்ற கேள்வி பின்னாளில் அவரைத் துரத்தி வந்தது.

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடி ரொபின்சன் என்றால் புட்போல் என்றே எழுதுகிறார்கள். ஆனால் 1956 வரை கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியும் அவர் கையில்தான் இருந்தது. 288 வெற்றி, 120 தோல்வி. இந்தக் கணக்கு மட்டுமே வேறொருவருக்கு ஒரு வாழ்நாள் பெருமையாக இருந்திருக்கும். அவருடைய கடைசிக் கூடைப்பந்தாட்ட ஆண்டுகளில் விளையாடிய பொப் ஹொப்கின்ஸ் நான்கு ஆண்டுகளில் 3,759 புள்ளிகள் எடுத்தார். 1956இல் அந்த அணியை ரொபின்சன் தன் பழைய மாணவர் ஃபிரெட் ஹொப்டியிடம் கொடுத்தார். ஐந்தாவது ஆண்டில், 1961இல், ஹொப்டியின் அணி சிறிய கல்லூரிகளுக்கான தேசிய வெற்றிக்கிண்ணத்தை எடுத்தது. அதில் விளையாடிய வில்லிஸ் ரீட் பின்னர் நியூ யோர்க் அணியை 1970இல் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் சிகரத்துக்குக் கொண்டுபோனார். தான் நட்ட மரத்தை இன்னொருவரிடம் கொடுத்து, அது காய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட ரொபின்சனுக்கு முடிந்திருக்கிறது. புட்போலில் மட்டும் அது அவருக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1949இல் போல் யங்கர் என்ற மாணவன் கல்லூரியை முடித்தான். உடம்பைப் பார்த்து டாங்கி என்று பட்டம் வைத்திருந்தார்கள். தொழில்முறைக் கழகங்களின் தேசிய லீக்கான என்.எப்.எல்.லுக்குக் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அதுவரை எவரும் போயிருக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கழகம் யங்கரை எடுத்துப் பார்க்கச் சம்மதித்தது. ரொபின்சன் அவனிடம் சொன்னது இந்தக் கருத்தில்: நீ தவறினால், கறுப்பினக் கல்லூரிகளில் இருந்த மிகச் சிறந்தவனை எடுத்துப் பார்த்தோம், அவனும் சரிவரவில்லை என்பார்கள், உனக்குப் பின்னால் கதவு மூடும். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு சமூகத்தின் பாரத்தை வைப்பது நியாயமா? நியாயமில்லைதான். ஆனால் அது பொய்யும் இல்லை. யங்கர் தவறவில்லை. ஒன்பது ஆண்டுகள் அந்த அணியில் விளையாடினார்.

பிறகு கதவு திறந்தது. கிராம்ப்ளிங்கிலிருந்து 200க்கும் மேற்பட்டோர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். 1963இல் பக் புக்கனன் என்ற மாணவர் ஏ.எப்.எல். என்ற போட்டி லீக்கின் வீரர் தெரிவில் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டார். வில்லி டேவிஸ் கிரீன் பே அணியின் தூண்களில் ஒருவரானார். ரெயில் தண்டவாளத்துப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயரை முழு அமெரிக்காவும் சொல்லத் தொடங்கியது. இதில் கொலி நிக்கல்சன் என்பவருக்குப் பெரிய பங்குண்டு. கல்லூரியின் விளையாட்டுச் செய்திப் பொறுப்பாளர், யுத்தத்தில் கடற்படைத் தரைப்படையின் நிருபராக இருந்தவர். வெள்ளையர் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத நாளில் கறுப்பினப் பத்திரிகைகளுக்கு வாராவாரம் எழுதி அனுப்பினார். ரொபின்சன் வென்றார், நிக்கல்சன் அதை உலகத்துக்குச் சொன்னார். 1968இல் நியூ யோர்க்கின் யாங்கி விளையாட்டரங்கில் கிராம்ப்ளிங்கும் மோர்கன் ஸ்டேட் என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரியும் விளையாடின. 60,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். கிராம்ப்ளிங் 7க்கு 9 என்று தோற்றது. ஆனால் அன்று தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி, அந்தக் குவாட்டர்பேக் விடயம்.

கறுப்பர்களைத் தொழில்முறை அணிகள் எடுத்தன. ஓட எடுத்தன, மறிக்க எடுத்தன, மோத எடுத்தன. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க எடுக்கவில்லை. கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்த கறுப்புப் பிள்ளை அங்கே போனால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கறுப்பனுக்குத் தலைமை தாங்கும் மூளை இல்லை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலேயே நடந்தது. இதை உடைக்க வேண்டும் என்று ரொபின்சன் தீர்மானித்தார். உடைக்கும் முறையும் அவருடைய பாணியில்தான். பக்கத்து மன்ரோ நகரத்துப் பிள்ளையான ஜேம்ஸ் ஹரிஸை அழைத்து வந்தார். அங்கே போனால் வேறு இடம் தருவார்கள், ஏற்காதே. அவர்களுடைய பாணியில் நின்று எறியப் பழகு. நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று பழகு. அநியாயம் நடக்கும், அதற்கும் பழகு என்று நான்கு ஆண்டுகள் வளர்த்தார்.

கிராம்ப்ளிங்கிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் ரஸ்டன் என்ற ஊர். அங்கே லூசியானா டெக் என்ற கல்லூரி. வெள்ளையருக்காகக் கட்டியது. ஹரிஸ் கிராம்ப்ளிங்கில் எறிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அங்கே டெரி பிராட்ஷோ என்ற வெள்ளை இளைஞர் எறிந்துகொண்டிருந்தார். 1970 வீரர் தெரிவில் பிராட்ஷோ முழு நாட்டிலும் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் ஹரிஸை எட்டாவது சுற்று வரை யாரும் எடுக்கவில்லை. பிராட்ஷோ திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஐந்து மைலுக்கும் ஏழு சுற்றுக்கும் என்ன கணக்கு? ஹரிஸ் மனம் வெறுத்து, போகாமல் விடுவோமா என்று யோசித்தார். நீ போகாவிட்டால் அடுத்தவனுக்கு இன்னும் கஷ்டம் என்பதே ரொபின்சனின் பதில். போனார். 1969இல் பஃபலோ அணிக்காகப் பருவத்தின் முதல் போட்டியிலேயே குவாட்டர்பேக்காக இறங்கினார். அப்படி இறங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1974இல் லொஸ் ஏஞ்சலிஸ் அணியை இறுதிச் சுற்றுகள் வரை கொண்டுபோனார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்தான் டக் வில்லியம்ஸ். 1978இல் முதல் சுற்றிலேயே தம்பா பே அணிக்கு எடுக்கப்பட்டார். 1988 ஜனவரி 31இல் சன் டியேகோ நகரத்தில் நடந்த சூப்பர் போல் இறுதிப் போட்டியில் வோஷிங்டன் அணிக்கு அவர் குவாட்டர்பேக். முதற்கால் பகுதியில் டென்வர் அணி பத்துப் புள்ளி முன்னால். இரண்டாம் கால் பகுதியில் மட்டும் வோஷிங்டன் 35 புள்ளி எடுத்தது. அதில் நான்கு வில்லியம்ஸ் எறிந்து எடுத்த டச்டவுன்கள். முடிவு 42க்கு 10. இறுதிப் போட்டியில் ஆரம்பம் முதல் இறங்கி வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர். அன்று தம்மாம் பக்கத்து அறையொன்றில் நாங்கள் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்ததும், எங்கள் பொறுப்பாளர் அழுததும் இதைத்தான். அவர் ஏன் அழுதார் என்று எனக்கு விளங்க இருபது வருடம் எடுத்தது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இது புகழ்மாலையாகிவிடும். ரொபின்சன் ஊர்வலம் போனவர் அல்லர். நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசினார். விடிய ஆறரைக்கு மாட்டுமணி ஒன்றை ஆட்டிக்கொண்டு விடுதியில் நடந்து பிள்ளைகளை வகுப்புக்கு எழுப்பினார். கழுத்துப்பட்டி கட்டு, கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடப் பழகு என்றார். அந்தக் காலத்திலேயே முகம்மது அலி யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பட்டத்தை இழந்து நின்றார். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ரொபின்சன் மிகவும் பணிந்தவராகத் தெரிவார். 1967இல் கிராம்ப்ளிங்கில் படித்த மாணவர்களுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. எங்கள் கல்லூரி படிப்பைவிட விளையாட்டுக்கு முக்கியம் கொடுக்கிறது, நாங்கள் பந்து எறிவதற்குப் பெயர் போனவர்களாக இருக்க விரும்பவில்லை என்று வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். அவர்களில் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாணவர்கள் கேட்டது பிழையான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கல்லூரி பிரபலமானது நூலகத்தால் அல்லவே.

ஆனாலும் ஒன்று. அலி தனியாக நின்றவர், தன் பட்டத்தைத் தான் இழந்தார். ரொபின்சன் ஒரு கல்லூரியில் நின்றவர். அந்தக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தது வெள்ளையரின் மாநிலச் சட்டசபை. ஒரு வார்த்தைக்குக் கல்லூரியே விலை கொடுத்திருக்கும். ஒரு நிறுவனத்தைச் சுமப்பவன் பேசும் மொழி வேறு. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முன் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கே படிக்கலாம், யாரோடு விளையாடலாம், எங்கே விளையாடலாம் என்றெல்லாம் மற்றவர்களே எனக்குச் சொன்னார்கள், அதற்குள் என்னால் முடிந்ததைச் செய்தேன் என்ற பொருளில் ரொபின்சன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதில் பெருமையும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது.

1985 ஒக்டோபர் 5இல் டலஸ் நகரத்தில் பிரேரி வியூ கல்லூரியை 27க்கு 7 என்று வென்றபோது அது அவருடைய 324ஆவது வெற்றி. அலபாமாவின் வெள்ளைப் பயிற்றுவிப்பாளர் பேர் பிரயன்டின் 323 என்ற சாதனை கடந்தது. சிறிய கல்லூரிகளோடு விளையாடித்தானே வென்றார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். பெரிய கல்லூரிகளோடு விளையாட அவரை விட்டது யார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பிரயன்டின் அலபாமாதான் கதையின் அடுத்த முடிச்சு. 1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பேர்மிங்ஹாம் நகரத்துக்கு வந்து, கறுப்பின வீரர்களின் பலத்தோடு, முழுக்க வெள்ளையரான அலபாமா அணியை 42க்கு 21 என்று தோற்கடித்தது. அந்த ஒரு போட்டியால்தான் தெற்கு மாறியது என்பது மிகை. அலபாமா ஏற்கெனவே ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்திருந்தது. ஆனாலும் அந்தப் பத்தாண்டில் தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. விசாலமான அரங்கு, டீவி, நல்ல விடுதி. ரொபின்சனுக்குப் படிப்பு மறுத்த பட்டன் ரூஜ் பல்கலைக்கழகமும் திறந்தது. நீதி கிடைத்தது. கிராம்ப்ளிங்குக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள்.

ஜேம்ஸ் ஹரிஸ் போன்ற ஒரு பிள்ளை 1965இல் கிராம்ப்ளிங்குக்கு வந்தது போக வேறு இடம் அதிகம் இல்லாததாலும்தான். 1985இல் அப்படி ஒரு பிள்ளைக்கு ஐம்பது இடம் இருந்தது. அந்தக் கதவுகளைத் திறக்க வைத்தவர்களில் ஒருவர் ரொபின்சன். யங்கரும் புக்கனனும் ஹரிஸும் நிரூபித்திராவிட்டால் அவர்கள் திறந்திருக்கமாட்டார்கள். தன் வெற்றியாலேயே தன் களஞ்சியம் காலியாவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி அவர் முறையிட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. எப்படி முறையிடுவது? கதவை மூடுங்கள் என்றா சொல்வது?

1995இல் 400ஆவது வெற்றி. வேறு எந்தக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளரும் அதுவரை தொடாத எண். ஆனால் அந்தப் பருவம் தோல்விகள் கூடிய பருவமாக முடிந்தது. 1996இல் மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. விதிமீறல்கள் பற்றிய விசாரணையும் வந்தது. கல்லூரி நிர்வாகம் அவரை விலகச் சொன்னது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், மாநில ஆளுநர் வரை பேசினார்கள். இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 1997இலும் அதே மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. நியூ ஓர்லியன்ஸில் சதர்ன் பல்கலைக்கழகத்தோடு நடந்த கடைசிப் போட்டியிலும் தோல்வி. வயது 78. 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. ஒரு மனைவி, ஒரு வேலை என்பது அவர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் பெருமை.

கூடைப்பந்தாட்டத்தை 37 வயதில் ஹொப்டியிடம் கொடுத்தவர் புட்போலை ஏன் நேரத்தோடு கொடுக்கவில்லை? அவரைக் குறை சொல்வது சுலபம். எனக்கோ அந்தக் கல்லூரிச் சமூகத்தின்மேலும் குறை இருக்கிறது. அவர் போனால் தங்களிடம் மிஞ்சுவது என்ன என்ற பயத்தில் ஒரு வயோதிபரை மைதானத்தில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு அவர் தோற்றபோது அவரிலேயே வெட்கப்பட்டார்கள். ஒரு மனிதரிலேயே முழுதாகச் சாய்ந்து நிற்கும் பாடசாலைகளையும் சங்கங்களையும் நானும் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் நிர்வாகக் குழுவிலும் இருந்திருக்கிறேன். அப்போது நான் வாய் திறக்கவில்லை.

1998இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். அந்த வீடியோ கசட்டின் அதே பொடியன். 2000, 2001, 2002 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து அணி தன் பிரிவின் வெற்றிக்கிண்ணத்தை எடுத்தது. ரொபின்சனுக்கு அதற்குள் மறதி நோய் முற்றத் தொடங்கியிருந்தது. தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருந்த மனிதர்.

2007 ஏப்ரல் 3இல் ரஸ்டன் நகரத்தில் காலமானார். ஆம், அந்த ஐந்து மைல் தூரத்து ரஸ்டன்தான். அவருடைய உடலை பட்டன் ரூஜுக்குக் கொண்டுபோய், லூசியானா மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த மரியாதை அங்கே அரசியல்வாதி அல்லாத ஒருவருக்குக் கிடைப்பது அரிது. அந்த நகரத்துத் தீவன ஆலையில்தான் 66 ஆண்டுகளுக்கு முன் அவர் மணிக்கு 25 சதத்துக்கு மூட்டை தூக்கினார். வரிசையில் வந்தவர்களில் வயதான, பருத்த உடம்புக்காரர்கள் பலர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள்.

எங்கள் பொறுப்பாளர் 1990இல் குவைத் யுத்தத்துக்கு முந்தியே நாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சாமான்களை எங்களுக்குப் பங்கிட்டார். அந்தக் கசட்டை மட்டும் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.